தின்ற தடம்

ஐந்தாவது முறையும் தட்டு முழுக்க நீலம். பேருக்குக்கூட ஒரு வெள்ளைக் கோடு இல்லை. மனிதக் குடலையே அரித்துத் தின்னும் அமீபாவுக்கு, நான் ஜெல்லில் கலந்து நீட்டிய ஜெலாட்டின் மட்டும் கசக்கிறதாம்! அமீபாவின் சாற்றை ஜெல்லில் ஓடவிட்டால், புரதத்தைச் செரிக்கும் அதன் நொதி ஜெலாட்டினைத் தின்ற இடத்தில் நீலச் சாயம் ஒட்டாது, வெள்ளையாகத் தெரியும். கோடு எந்த உயரத்தில் விழுகிறது என்பதை வைத்து எந்த நொதி என்று கண்டுபிடித்துவிடலாம். வெள்ளிக்கிழமைக்குள் கோடு விழாவிட்டால் வேலையை மூடிவிட்டு, மூன்று வருடம் பிள்ளைபோல வளர்த்த அமீபாக் குழாய்களைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட வேண்டும் என்று ஆய்வகத் தலைவர் சொல்லிவிட்டார்.

"வேளாவேளைக்குத் தீனி போட்டேனே, நன்றி கெட்ட ஜென்மம்!" என்று குழாயைத் திட்டினேன்.

"அது என்னடி பண்ணும், பாவம்," என்றாள் டெக்னீஷியன் அக்கா. அமீபாவை உடைத்துச் சாறெடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனாலேயே நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. அன்று கோபத்தில் பக்கத்திலேயே நின்றேன். செல் உடைந்ததும் அவள் கை தானாகப் போய், ஒரு சின்னப் புட்டியிலிருந்து இரண்டு சொட்டு எடுத்து விட்டது.

"அது என்னக்கா?"

"நொதியை அடக்குற மருந்து. விடலேன்னா மத்த புரதத்தையெல்லாம் தின்னு தீர்த்துடுமே. பதினெட்டு வருஷமா..." சொல்லிக்கொண்டே வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாங்கள் தேடியதே அந்தத் தின்னிப் பயலைத்தான்.

"வாயைக் கட்டிப்போட்டுட்டு சாப்பிடு சாப்பிடுன்னு கெஞ்சியிருக்கோம்!" எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவுக்கோ அழுகை.

"உன் உழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டேனேடி."

"நானும்தானே கேக்காம இருந்தேன். விடுங்கக்கா, புதுக் குழாயை எடுங்க."

வெள்ளிக்கிழமை மாலை சாயத்தை அலசிக்கொண்டிருந்தபோது தலைவர் வேலையை மூடும் கடிதத்தோடு வந்தார். "கையெழுத்துப் போடும்மா. மனசை விட்டுடாத."

"ஒரு நிமிஷம் சார்."

நீலம் கரையக் கரைய ஒரு கீற்று வெளுத்தது. கீழே இன்னொன்று. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து விட்ட பழைய சாற்றையும் ஓட்டியிருந்தோம்; அந்த வரிசை மட்டும் நீலமாகவே கிடந்தது. அக்கா என் கையை நறுக்கென்று கிள்ளினாள். வலித்தது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"நகருங்க, சரியாத் தெரியல. அடியில வெள்ளையா ஏதாவது வைங்க," என்று எங்களை விலக்கிய தலைவர், அவசரத்தில் கையிலிருந்த கடிதத்தையே தட்டுக்கு அடியில் செருகினார். தட்டிலிருந்து வழிந்த நீலம் தாளில் ஊறி, நான் கையெழுத்திட வேண்டிய இடத்தில் மெல்லப் பரவியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தட்டில் மூக்கு முட்டக் குனிந்திருந்தார்.

"ஸ்கேல் எங்கம்மா? ஸ்கேலைக் கொண்டா!"