கையொப்பனின் பதினேழாவது ஷரத்து

பேய் பிசாசு என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். எனக்குச் சோறு போடுவதே அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். மேஜையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுகள் உண்டல்லவா? அவற்றுக்கு நரகம் கட்டிக் கொடுப்பது என் வேலை. பதினோரு வருடத்தில் ஏழு நரகம் கட்டிவிட்டேன். சொந்தமாக ஒரு வீடு இன்னும் கட்டவில்லை.

மாமியார் எங்களோடு வந்து தங்கிய முதல் வாரமே இதைப் பற்றி விசாரணை நடந்தது.

"பேய்க்கும் பிசாசுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"பேய்க்கு விதி கிடையாது அத்தை. கதவ உடைச்சுக்கிட்டு வரும், கண்ணுல பட்டதையெல்லாம் நொறுக்கும். பிசாசு அப்படி இல்ல. மணியடிச்சுட்டு, நீங்களா கதவத் திறக்கிற வரைக்கும் வாசல்ல நிக்கும். பொய் சொல்லாது. ஒப்பந்தம் போட்டுத்தான் ஆளக் கவுக்கும்."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"நானும் மணியடிச்சுட்டுத்தானே வந்தேன்?"

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் காபி போடப் போய்விட்டேன்.

அது எட்டு மாதத்துக்கு முன்னால். மாமியார் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் பத்திரங்களைச் சரிபார்த்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், கண் ஓய்வு பெறவில்லை. எங்கள் லிஃப்டில் ஒட்டியிருந்த அறிவிப்பில் இரண்டு பிழை, மருந்துச் சீட்டில் ஒன்று, எங்கள் திருமணச் சான்றிதழில் ஒரு தேதிப் பிழை என்று வந்த மாதமே கண்டுபிடித்தார். "அப்ப கல்யாணம் செல்லாதா அத்தை?" என்று கேட்டேன். "இத்தன வருஷமா யாரும் ஆட்சேபிக்கல, ஓடட்டும்" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஒரு மருமகள் வாயால் சொல்லக் கொஞ்சம் கூச்சமான விஷயம்தான் இது. தோழிகளிடம் சொன்னால் ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும்தான். அங்கேதான் வினை.

போன வாரம் துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. அங்கயே போய் இருந்துடலாமான்னு பாக்கறேன். நீ என்ன சொல்ற?"

போகாதீங்க என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. மகள் வீட்டுக்குப் போகிறேன் என்கிற தாயைத் தடுக்க நான் யார்? மரியாதையாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "உங்க இஷ்டம் அத்தை" என்றேன். துணி மடித்த கை ஒரு நொடி நின்றது. மறுநாளே சனிக்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். வந்தபோது கொண்டுவந்த இரண்டு பெட்டிகளும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தன.

கணவரைப் பிடித்தேன். "உங்கம்மாகிட்ட நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"உன்னத்தான கேட்டாங்க? நீதான உங்க இஷ்டம்னு சொன்ன? நடுவுல நான் பூந்தா மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிட்டார். மனிதருக்கு மூட்டுவலி. ஆனால் அந்த வாரம் முழுக்க நடந்துகொண்டே இருந்தார்.

இதற்கு நடுவில் என் பிசாசு வேறு. வெள்ளிக்கிழமை மாலைக்குள் புது விளையாட்டின் விதிப் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். மிச்சம் இருந்தது ஐந்தாம் நரகத்தின் அரசன், கையொப்பன். அவன் வாளால் சாகமாட்டான். உனக்கு வேண்டியதைத் தருகிறேன் என்று ஓர் ஒப்பந்தத்தை நீட்டுவான். கையெழுத்துப் போட்டவர் அவனுடைய கைதி. அப்படி முந்நூறு பேர் அவனிடம் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் ஓட்டை கண்டுபிடித்தால்தான் அவன் தோற்பான், கைதிகளையும் விட்டுவிட வேண்டும். நானும் ஒரே ஒரு ஓட்டை வைத்திருந்தேன். அதைக் கண்டுபிடிக்க ஒரு குழுவுக்கு நான்கு நாள் ஆட்டமாவது தேவைப்படும் என்பது என் கணிப்பு. அந்த ஓட்டையை நினைத்து எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

புதன்கிழமை மதியம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கடைசிச் சோதனை ஆட்டம். ஆட வேண்டியவர்களில் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். ஐந்து பேர் இல்லாமல் கையொப்பனை எழுப்ப முடியாது, அது விதி. வேறு வழியில்லாமல் மாமியாரைக் கூப்பிட்டேன்.

"நான் யாரு இதுல?" என்று கேட்டபடி உட்கார்ந்தார்.

"யார் வேணா ஆகலாம் பாட்டி. வீராங்கனை, திருடி, மந்திரவாதி..." என்றான் எங்கள் ஓவியன். சட்டைப்பையில் எப்போதும் கரித்துண்டோடு திரிவதால் அவனுக்குக் கரிக்கட்டை என்று பெயர்.

"ஓய்வு பெற்ற மந்திரவாதின்னு போட்டுக்கோ. எனக்குப் படி ஏற முடியாது."

ஐந்தாம் நரகத்துக்கு இறங்குவதுதானே, பரவாயில்லை என்று சமாதானம் சொல்லி ஆட்டத்தைத் தொடங்கினோம். கையொப்பன் எழுந்தான். நான் குரலைக் கனமாக்கிக்கொண்டு மூன்று பக்க ஒப்பந்தத்தை மேஜையில் விரித்தேன். கரிக்கட்டை உடனே வாளை உருவினான். மற்றவர்கள் பகடையைக் குலுக்கினார்கள். மாமியார் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். அறைக்குப் போய் ஓர் அடிக்கோலையும் சிவப்புப் பென்சிலையும் கொண்டுவந்தார். முதல் வரிக்கு அடியில் அடிக்கோலை வைத்தார்.

"என்றென்றைக்கும்னு போட்டிருக்கியே, எந்தத் தேதியிலேருந்து?"

"நரகத்துல தேதி கிடையாது அத்தை. கிழமையும் கிடையாது."

"தேதி இல்லாத பத்திரமா? சரி. சாட்சி எங்க?"

"பிசாசுக்கு எதுக்கு அத்தை சாட்சி?"

"பிசாசுன்னா சட்டம் இல்லையா? சாட்சி இல்லாம இது நிக்காதும்மா."

அரை மணி நேரத்தில் பதினோரு ஓட்டை. அதில் நான் வைத்த ஓட்டை இல்லை. அது ஓட்டையே இல்லையாம், பதிவு அலுவலகத்தில் அப்படி எழுதுவதுதான் வழக்கமாம். என் விதிப்படியே கையொப்பன் மண்டியிட்டான், முந்நூறு கைதிகளும் வரிசையாக வெளியேறினார்கள். கரிக்கட்டை நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினான். இரண்டு வருட உழைப்பு, ஒரு தம்ளர் காபி ஆறுவதற்குள் காலி. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பார்கள். நான் வாழ்க்கைப்பட்டது சாதுவுக்குத்தான். மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது அவருடைய அம்மா.

வியாழக்கிழமை காலை மாமியார் அறை வாசலில் போய் நின்றேன். ஒரு பெட்டி நிறைந்துவிட்டது, இன்னொன்று பாதி.

"கெடுத்தது நீங்க. நீங்களே ஓட்டையில்லாம ஒண்ணு எழுதிக் குடுங்க."

"எனக்கு மூட்டை கட்டற வேலை இருக்கு."

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள குடுத்தா போதும்."

பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடிக்கோலை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தார். அன்று முழுவதும் பெட்டி பாதியிலேயே கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க, கணினித் திரைக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன்.

"நரகத்துக்கு நாலு எல்லை சொல்லு. கிழக்க என்ன இருக்கு?"

"நெருப்பு ஆறு."

"ஆறு இடம் மாறும். பாறை ஏதாவது இருந்தா சொல்லு."

ஒரு பாறையை உண்டாக்கினேன். அதையும் எழுதிக்கொண்டார்.

"உன் பிசாசு கைதிய ஆசைப்பட்டு வச்சிருக்கானா, இல்ல விதிக்காக வச்சிருக்கானா?"

"ஆசைப்பட்டுத்தான். ஆனா வாயத் தொறந்து சொல்லமாட்டான்."

"ஏன்?"

"சொன்னா கௌரவம் என்னாகிறது? பிசாசுல்ல?"

"ஓஹோ" என்று இழுத்தார். பென்சிலை ஒருமுறை சீவிக்கொண்டு மறுபடி எழுத ஆரம்பித்தார். அந்த ஓஹோவை நான் கவனித்திருக்க வேண்டும். என் கவனமெல்லாம் பாறைக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் இருந்தது. அன்று சாயங்காலம் இரண்டு தடவை அவர் பக்கத்தில் போய் நின்று வாயைத் திறந்தேன். முதல் தடவை "காபி வேணுமா அத்தை?" என்று வந்தது. இரண்டாம் தடவை "டிக்கெட்ட பத்திரமா வச்சிருக்கீங்களா?" என்று வந்து தொலைத்தது. என் நாக்கை நானே கடித்துத் துப்பியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்பது பக்கத்தை என் முன்னால் வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார். சற்று நேரத்தில் பெட்டி பூட்டப்படும் சத்தம் கேட்டது. ஒன்று, அப்புறம் இன்னொன்று. எனக்கு அழுகை வந்தது. அச்சுக்கு அனுப்ப நாலு மணி நேரம்தான் இருந்தது, அதனால் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டச்ச ஆரம்பித்தேன். அசந்துபோனேன். அப்படி ஓர் ஒப்பந்தத்தை எந்த நரகமும் பார்த்திருக்காது. தேதி, எல்லை, வாரிசு, சாட்சிகளாக இரண்டு குட்டிப் பேய்கள், எல்லாம் இருந்தன. பிசாசு முதல் தரப்பு, கைதி இரண்டாம் தரப்பு. பதினேழாவது ஷரத்து இப்படி இருந்தது:

'இரண்டாம் தரப்பு தான் வெளியேறிவிடலாமா என்று கேட்கும்போது, முதல் தரப்பு உங்கள் இஷ்டம் என்று பதில் சொல்லக்கூடாது. சொன்னால் அது பதிலாகவே கருதப்படாது. இரு என்றோ போ என்றோ இரண்டில் ஒன்றை முதல் தரப்பு வாயைத் திறந்து சொல்ல வேண்டும். மேற்படி பதில் சனிக்கிழமை காலைக்குள் தரப்பட வேண்டும்.'

நரகத்தில் ஏது சனிக்கிழமை? கிழமையே கிடையாது என்று புதன்கிழமைதானே சொன்னேன், அதற்குள் மறந்துவிட்டாரே என்று அலுத்துக்கொண்டு அந்தச் சொல்லை அழித்தேன். சத்தியமாக அழித்தேன். அடுத்த ஷரத்தில் பாதிவரை தட்டச்சியும் விட்டேன். அப்புறம்தான் கை நின்றது. திரும்பப் போய் முதலிலிருந்து படித்தேன். யார் முதல் தரப்பு, யார் இரண்டாம் தரப்பு என்று ஒருமுறை பார்த்தேன். இந்த வீட்டில் பிசாசு யார் என்ற எட்டு மாத வழக்கு எழுத்துபூர்வமாக முடிந்திருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், இரண்டு பக்கமும் பெட்டி, மடியில் கைப்பை. ரயிலுக்கு இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது.

"போகாதீங்க அத்தை" என்றேன். "நீங்க போனா எனக்கு வீடே நல்லா இருக்காது. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீங்க இங்கயே இருங்க."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கைப்பையின் பட்டையை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

"இது வாய்வார்த்தை" என்றார் கடைசியில். குரல் சரியாக இல்லை. "சாட்சி எங்க?"

வாசலில் செருப்புச் சத்தம். நடந்து திரும்பிய கணவரை வாசலிலிருந்தே கையைப் பிடித்து இழுத்துவந்து, பென்சிலைக் கையில் திணித்தேன். பதினேழாவது ஷரத்துக்குக் கீழே காட்டிய இடத்தில், எதற்கு என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

"படிச்சுப் பாத்தியாடா?"

"இல்லம்மா."

"ஊருக்கெல்லாம் முப்பத்தொரு வருஷம் சொன்னேன், படிக்காம கையெழுத்துப் போடாதேன்னு. வீட்டுல வளத்தது இப்படி." கைப்பையைத் திறந்து பெட்டிச் சாவிகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கையை எடுத்துக்கொள்ளாமலே மகன் பக்கம் திரும்பினார். "உக்காரு. சத்தமா படி."

கணவர் வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பது மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் தலையைத் தூக்கினார்.

"நரகத்துல ஏதும்மா சனிக்கிழமை?"

"நீ படி" என்றார் அத்தை. "நீங்க படிங்க" என்றேன் நான். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.