தண்ணீர் மேலேறிய துறை

வார்டு தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலையிலிருந்து தாமிரபரணி, பிள்ளையார் துறைக்கும் பேச்சிராஜின் அரிசி மில்லுக்கும் நடுவில் மட்டும், கிழக்கிலிருந்து மேற்காக ஓடத் தொடங்கியது. அதற்கு மேலேயும் கீழேயும் ஆறு வழக்கம்போல் கிழக்கே போனது. முதலில் கண்டவர்கள் துணி துவைக்க வந்த பெண்கள். சோப்பு நுரை எதிர்ப்பக்கம் போவதைப் பார்த்து, கல்லுக்கு மறுபக்கம் மாறி நின்றுகொண்டார்கள். தேங்காய் விலை பற்றிய பேச்சு நிற்கவில்லை.

காரணம் தெரிந்தவள் சுப்ரஜா ஒருத்திதான். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். துறையில் கொஞ்ச காலமாக மீன் செத்து மிதந்தது. தேர்தலுக்கு முன்பே தண்ணீரை எடுத்துப்போய்ச் சோதித்திருந்தாள். மில் கழிவு துளியும் இல்லை. மில் துறைக்குக் கீழே, ஆற்று வளைவைத் தாண்டி இருக்கிறது; அதன் கழிவு மேலே வர வழியில்லை. கொன்றது துணி. கருமாதிக்கும் பரிகாரத்துக்கும் வருகிறவர்கள் உடுத்தியதை ஆற்றில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். அது அடியில் மெத்தைபோலப் படிந்து அழுகி, மீனின் மூச்சை அடைத்தது. அவளுடைய அப்பாவின் வேட்டியும் அங்கேதான் கிடந்தது. அண்ணன் மகேஸ்வரன் விட்டான். அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மகேஸ்வரன்தான் தேர்தலில் பேச்சிராஜை எதிர்த்து நின்றான். “துணின்னா ஊரே நம்ம மேல பாயும். மில்லுன்னு சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க” என்றான். கோயில் முக்கில் மைக்கைப் பிடித்துச் சொன்னாள்: மில் வருமுன் மீன் சாகவில்லை, வந்தபின் சாகிறது, வேறென்ன வேண்டும்? மில் வந்த வருஷம்தான் பரிகாரத்துக்கு ஆள் ஏற்றிவரும் வேன்களும் வந்தன என்பதை விட்டுவிட்டாள். விடைத்தாளில் யாராவது இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பாள்.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து பேச்சிராஜ் கேட்டார். “டீச்சரம்மா, மில்லு கீழல்லா கெடக்கு. தண்ணி மேல ஏறுமா?”

“ஊரு சொன்னா ஏறும், அண்ணாச்சி.”

விசில் பறந்தது. “சரியான அடி வே!” என்றான் ஒருவன். ஊர் சொன்னது. மகேஸ்வரன் ஜெயித்தான். ஆறு ஏறியது.

நெல் அவித்த தண்ணீர் இப்போது உண்மையாகவே துறைக்கு வந்தது. அதிகாரிகள் குப்பியில் பிடித்துப்போய்ப் பார்த்து, மில்லுக்குச் சீல் வைத்தார்கள். வேலையாட்கள் வள்ளியூர்ப் பக்கம் பிழைப்புத் தேடிப் போனார்கள். அவிக்கிற தொட்டியில் அணில் குட்டி போட்டது. மீன் மட்டும் செத்துக்கொண்டே இருந்தது. மில்லை மூடினாலும் தோஷம் தீர நாளாகும் என்று ஊரார் கணக்குச் சொன்னார்கள்.

ஒரு நாள் சுப்ரஜா துறையில் நின்று உரக்கச் சொன்னாள். “மில்லு இல்ல, துணிதான். நான் சொன்னது பொய்.”

சேலை அலசிக்கொண்டிருந்த வேணி ஆற்றைக் காட்டினாள். “கண்ணு முன்னால ஏறுதே டீச்சர். பொறவு எப்படிப் பொய்யாவும்?”

பூட்டிய மில் வாசலில் உட்கார்ந்திருந்த பேச்சிராஜிடம் சுப்ரஜா போனாள். அவர் முழுதும் கேட்டார். “எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? நான் அன்னைக்கே சொன்னேம்லா. ஏறுததுகிட்டப் போய்ச் சொல்லுங்க.”

இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சொல்லிப் பார்த்தாள். ஆறு திரும்பவில்லை. குனிந்து கையில் சிக்கிய துணியை இழுத்தாள். பிறகு ஞாயிறுதோறும் இழுத்தாள். கரையேற்றியதைவிட வேன்கள் கொண்டுவந்தது அதிகம். இங்கன தண்ணி மேற்கே போகும், அந்தப் பக்கமா விடுங்க என்று டிரைவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். கவுன்சிலர் அண்ணன் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான்.

ஆனி மாதத்தில் அப்பாவின் வேட்டி அகப்பட்டது. கரை வைத்து அடையாளம் கண்டாள். சேறு குடித்துக் கனத்த எட்டு முழத்தை அவளால் தனியாகப் பிழிய முடியவில்லை. மேல்படியில் நிழல் விழுந்தது. பேச்சிராஜ் இறங்கி வந்து மறுமுனையைப் பிடித்தார்.

“பைய. கிழிஞ்சிரும். நீங்க அந்தப் பக்கம் திருகுங்க.”

இருவரும் எதிரெதிராகத் திருகினார்கள். பிழிந்த தண்ணீர் படியில் விழுந்து, ஒவ்வொரு படியாக மேலேறி, தெருவைப் பார்க்கப் போயிற்று. காலை நகர்த்தி அதற்கு வழி விட்டார்கள்.