ஏணிக்கு ஏற்ற கேமரா

"தள்ளுங்கண்ணே!" என்று மேலேயிருந்து ஒரு கூச்சல். அடுத்த நொடி, டமார்!

காவலாளியின் தகரக் கொட்டகை மேல் எதுவோ விழுந்து, எம்பிக் குதித்து, கீழே நின்றிருந்த 'ஏணி' என்கிற நெட்டை ஆசாமியின் காலடியில் வந்து உட்கார்ந்தது. குனிந்து பார்த்தான். கம்பெனிக்கு இருந்த ஒரே கேமரா. லென்ஸ் தனியே, உடம்பு தனியே, மூடி போன இடம் தெரியவில்லை. நல்லவேளை, காவலாளி டீ குடிக்கப் போயிருந்தார்.

ஒன்பதாவது மாடிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றுக்காரன் சாவகாசமாக இறங்கி வந்தான்.

"கேமரா வார் அறுந்துபோச்சுண்ணே" என்றான். தலையைச் சொறிந்தபடி, "நானும் நாளையிலேர்ந்து வரலைண்ணே. காற்றாலைக் கோபுரத்துல வேலை கெடச்சிருக்கு. இங்க உயரம் பத்தல" என்றான்.

உயரம் பத்தலையாம்! ஏணி அண்ணாந்து அந்தக் கட்டடத்தின் உச்சியைப் பார்த்தான். பார்த்த பாவத்துக்கே தலை சுற்றியது.

பெரிய கட்டடங்களின் வெளிச்சுவரில் எங்கே விரிசல், எங்கே பூச்சு உப்பியிருக்கிறது, எங்கே தண்ணீர் கசிகிறது என்று படம் பிடித்து அறிக்கை கொடுப்பதுதான் அவர்கள் தொழில். ஆள் பிடித்து வருவது மச்சான், அதாவது ஏணியின் மனைவிக்கு அண்ணன். அலுவலகமும் போனும் மனைவி பொறுப்பு. கயிற்றுக்காரன் தொங்கிக்கொண்டு படமெடுப்பான். ஏணி கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் வலது பக்கம்" என்று கத்துவான். பிறகு மேஜையில் உட்கார்ந்து அறிக்கை எழுதுவான். அறிக்கை எழுதுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. மேஜை தரையில் இருப்பதுதான் காரணம்.

ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் என்பதால் பள்ளியில் ஒட்டிக்கொண்ட பெயர் 'ஏணி'. ஆனால் நிஜமான ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் கால் வைத்தால் அவனுடைய முழங்கால்கள் இரண்டும் தந்தியடிக்க ஆரம்பித்துவிடும். இது அவனுக்கு மட்டுமே தெரிந்த சங்கதி.

வெளியே சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாதபடி அவனே தன் வாயால் கெடுத்துக்கொண்டான். பெண் பார்க்கப் போன அன்று, "மாப்பிள்ளைக்குப் பொழுதுபோக்கு என்ன?" என்று யாரோ கேட்டார்கள். சினிமா என்று சொல்லிவிட்டு காபியைக் குடித்திருந்தால் தொல்லை விட்டது. "மலையேற்றம்" என்றான். கேட்டவர்கள் விடுவார்களா? அத்தாட்சிக்கு ஒரு படத்தையும் காட்டினான். பாறை உச்சியில், இடுப்பில் கைவைத்து, பின்னால் வானம் மட்டும் தெரிய நிற்கும் படம். உண்மையில் அந்தப் பாறை முழங்கால் உயரம். படமெடுத்த நண்பன் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு எடுத்தான்.

மனைவி அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டிவிட்டாள். வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் மச்சான் அதைக் காட்டி, "எங்க மாப்ளைக்கு உயரம்னா தண்ணி பட்ட பாடு" என்பார். ஏணி அடக்கமாகச் சிரித்துக்கொள்வான். அந்த அடக்கத்தையும் பெருமையின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் அலுவலகத்தில் உடைந்த கேமராவை நடுவில் வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்தார்கள்.

"இந்த வாரத்துக்குள்ள படம் வரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்னு குடியிருப்புச் சங்கச் செயலாளர் சொல்லிட்டார்" என்றாள் மனைவி.

"கயித்துக்காரன் போனா போறான். தொட்டில் இருக்கே" என்றார் மச்சான்.

வெளிச்சுவருக்கு வண்ணமடிப்பவர்கள் நின்று வேலை செய்ய, மொட்டை மாடியிலிருந்து கம்பி வடத்தில் தொங்குமே ஓர் இரும்புக் கூண்டு, அதைத்தான் சொன்னார். மோட்டாரை முடுக்கினால் ஏறும், இறங்கும். வாடகைக்கே கிடைக்கும்.

"ஓட்டறவர் கூடவே வருவார். ஒருத்தர் விரிசல் பக்கத்துல அளவுகோலை வெச்சுப் பிடிக்கணும், ஒருத்தர் படம் எடுக்கணும். நானும் மாப்ளையும் ஏறிட்டா வேலை முடிஞ்சுது" என்ற மச்சான், சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஏணி சுவரில் மாட்டியிருந்த பாறைப் படத்தைப் பார்த்தான்.

"இவருக்குக் கேக்கணுமா? பார்த்துக்கோங்கண்ணா, மேல போனா இறங்க மனசு வராது இவருக்கு" என்றாள் மனைவி பூரிப்போடு.

ஏணிக்குத் தப்பிக்க ஒரே ஒரு வழி தெரிந்தது. "மச்சான், எப்படியும் புதுக் கேமரா வாங்கத்தான் போறோம். ஜூம் ஜாஸ்தியா இருக்கறதா வாங்கிட்டா என்ன? தரையில நின்னுக்கிட்டே மாடியில இருக்கற கொசுவைக்கூடப் பிடிச்சிரலாம்."

மச்சான் அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்து போனது போல இருந்தது. பிறகு பெருமூச்சு விட்டு, "உங்களுக்கு எதுக்கு மாப்ளே அதெல்லாம்?" என்றார் பாசமாக.

மறுநாள் கேமராக் கடையில், மூக்குக்கண்ணாடி போட்ட விற்பனைப் பெண் கண்ணாடி மேஜை மேல் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தாள். ஒன்றுக்கு லென்ஸ் யானைத் தும்பிக்கை போல நீண்டது. மற்றொன்று சோப்புப் பெட்டி போல அடக்கமாக இருந்தது.

"இது அறுபது மடங்கு ஜூம், சார். இது மூணு மடங்குதான். ஆனா இதுக்குள்ள சென்சார் பெருசு. வெளிச்சத்தை நல்லா வாங்கும். படம் பளிச்சுனு, துல்லியமா இருக்கும்."

"அறுபது எங்கே, மூணு எங்கே! அறுபது மார்க் வாங்கினவனையும் மூணு மார்க் வாங்கினவனையும் யாராவது ஒரே பெஞ்சில உட்கார வைப்பாங்களாம்மா?" என்றான் ஏணி.

"மார்க் இல்ல சார் இது. ஜூமை நீட்ட நீட்ட உள்ள வர்ற வெளிச்சம் குறைஞ்சுக்கிட்டே வரும். கை லேசா ஆடினாலும் படம் மொத்தமா ஆடிடும்."

"டிரைபாட் வெச்சுப்போம்."

"வெயில் நேரத்துல நடுவுல இருக்கற காத்தே அலையடிக்கும், சார். காத்துக்கும் டிரைபாட் வெப்பீங்களா?"

மச்சான் அதற்குள் சோப்புப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டிருந்தார்.

"தரம்தான் முக்கியம், மாப்ளே. பக்கத்துல போறோம், எடுக்கறோம், வரோம்." 'வரோம்' என்ற சொல் மட்டும் கொஞ்சம் மெல்லிசாக வந்தது. "தரையில நின்னா அளவுகோலை யார் வைப்பா? விரிசல் முடியளவா, விரலளவான்னு எப்படித் தெரியும்?"

"ஜன்னலோட அகலத்தை வெச்சுக் கணக்குப் போட்டுக்கலாம், மச்சான்."

"செயலாளர் ஜன்னலையா கேட்டார்?"

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன். மச்சான் அதை ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொன்னார். மறுமுனையில் சிரிப்பு.

"புரியலையாண்ணா உங்களுக்கு? உங்க தொப்பையோட உங்களைத் தொட்டில்ல ஏத்திக் கஷ்டப்படுத்த வேண்டாமேன்னு பார்க்கறார். தனக்கு ஆசை இருந்தாலும் வாய் விட்டுச் சொல்ல மாட்டார். கூச்சம்."

மச்சானின் முகம் இளகிவிட்டது. அவர் ஏணியின் தோளை எட்டிப் பிடித்தார். "எனக்காக நீங்க விட்டுக்கொடுக்கறதா? நடக்காது மாப்ளே."

"அய்யய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான்..."

"தெரியும், தெரியும். இப்படித்தான் சொல்வீங்க."

இனி வாயால் வெல்ல முடியாது என்று ஏணிக்குப் புரிந்தது. "சரி, ரெண்டையும் சோதிச்சுப் பார்த்துருவோம்" என்று தும்பிக்கைக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்குப் போனான். எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் ஓர் உயரமான கட்டடம். ஜூமை முழுவதும் நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினான். திரையைப் பார்த்தவன் துள்ளிவிட்டான்.

"விரிசல்! ஏழாவது மாடி ஜன்னலுக்குக் கீழ, குறுக்கால இவ்வளவு நீளம்! பாருங்க மச்சான், தரையில நின்னுக்கிட்டு!"

மச்சான் ஓடி வந்து பார்த்தார். "அட, ஆமாம்!" என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷம் ஏணிக்கே வியப்பாக இருந்தது.

விற்பனைப் பெண் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "சார், அது துணி காயப்போடற கொடி."

"கொடியா? சுவரோட ஒட்டியிருக்கே."

"அதுல ஒரு சாக்ஸ் தொங்குது, பாருங்க."

ஏணி பார்த்தான். புள்ளி புள்ளியாய்ப் பொரிந்துபோன படத்தில், கறை என்று அவன் நினைத்த ஒன்றுக்குக் குதிகாலும் விரலும் இருந்தன.

அவள் சோப்புப் பெட்டியைக் கையில் எடுத்தாள். எங்கும் போகவில்லை. கடையின் வாசல் நிலைக்கு மேலே, நல்ல வெள்ளையாய்த் தெரிந்த சுவரை அருகில் நின்று ஒரே ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கினாள். வெறும் கண்ணுக்கு எட்டாத ஒரு கோடு, தலைமுடி கணக்காக, நிலையின் மூலையிலிருந்து கிளம்பி மேலே ஓடியது. அதன் ஓரத்தில் பூச்சு உதிர்ந்திருந்த துகள்களைக்கூட எண்ணலாம் போலிருந்தது.

கல்லாவில் இருந்த கடைக்காரர் எழுந்து வந்தார். "ஏம்மா, நம்ம கடைச் சுவரா இது?"

மச்சான் உடனே அவருக்குத் தன் அட்டையை நீட்டினார். தொழில் வேறு, துக்கம் வேறு.

இதற்கு மேல் சப்பைக்கட்டு கட்ட ஏணியிடம் சரக்கில்லை. தும்பிக்கை கண்ணாடிப் பெட்டிக்குள் திரும்பிப் போனது. சோப்புப் பெட்டி பைக்குள் ஏறியது. கடையை விட்டு இறங்கும்போது மச்சான் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "நல்ல முடிவு, மாப்ளே" என்றார், யாருக்கோ ஆறுதல் சொல்வது போல.

அடுத்த நாள் காலை. குடியிருப்பின் அடிவாரத்தில் இரும்புத் தொட்டில் காத்திருந்தது. செயலாளர் வந்து நின்று கைகுலுக்கினார். ஹெல்மெட் கொடுத்தார்கள். இடுப்பில் வார் கட்டினார்கள். ஏணி வாரின் கொக்கியை மூன்று தரம் இழுத்துப் பார்த்தான். இப்போதாவது சொல்லிவிடலாம். ஆனால் மனைவி வாசலில் நின்று, "மேல போய்க் கையாட்டுங்க, போன்ல படம் எடுக்கறேன்" என்கிறாள். எப்படிச் சொல்வது?

ஏறினான். மச்சானும் ஏறினார். தொட்டில்காரர் பொத்தானை அமுக்க, மோட்டார் உறுமியது. தரை நழுவியது.

ஏணி கண்ணை இறுக மூடிக்கொண்டான். இரண்டு கையும் கம்பியோடு கம்பியாகிவிட்டன.

"விரிசல் வந்தாச்சு சார், நிறுத்தட்டுமா?" என்றார் தொட்டில்காரர்.

"நிறுத்துங்க" என்றான் ஏணி. "எடுங்க மச்சான்."

"நீங்க எடுங்க மாப்ளே." மச்சானின் குரல் எங்கோ கீழேயிருந்து வந்தது.

"கேமரா உங்ககிட்டதானே இருக்கு?"

"உங்க கழுத்துல தொங்குது மாப்ளே."

"அப்ப... நீங்க அளவுகோலை வையுங்க."

"அது... விழுந்துருச்சு."

தொட்டில் காற்றில் லேசாக ஆடியது. அவ்வளவுதான். ஏணிக்குள் இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது எல்லாம் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

"மச்சான், என்னை மன்னிச்சிருங்க. எனக்கு உயரம்னாலே ஆகாது. மலையேற்றம், அது இதுன்னு சொன்னதெல்லாம் கரடி விட்டது. அந்தப் பாறை என் முழங்கால் உசரம்தான். தயவுசெஞ்சு இறக்கச் சொல்லுங்க. உங்க தங்கச்சிகிட்ட என்ன வேணாலும் சொல்லிக்கோங்க."

தொட்டில்காரர் தொண்டையைச் செருமினார்.

"சார், நாம இன்னும் ரெண்டாவது மாடியே தாண்டல" என்றார் தொட்டில்காரர் பொறுமையாக. "குடுங்க, நானே எடுக்கறேன். எந்தப் பொத்தான்?" என்று ஏணியின் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அளவுகோலுக்குத் தன் பையிலிருந்த டேப்பை நீட்டி, ஒரு கையால் சுவரில் வைத்து, மறு கையால் சாவகாசமாக அமுக்கத் தொடங்கினார். கிளிக். கிளிக்.

மச்சான் ஏன் பேசவில்லை? கோபமா? ஏணி ஒரு கண்ணை மட்டும் திறந்து, மெல்லக் கீழே பார்த்தான்.

மச்சான் தொட்டிலின் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் மூக்கு வரை இறங்கியிருந்தது. இரண்டு கையாலும் ஏணியின் இடது காலைக் கட்டிப் பிடித்திருந்தார், விட்டால் போய்விடும் என்பது போல. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அழுவது போலவும் சிரிப்பது போலவும் குரல் வந்தது:

"இதைக் கடையிலேயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா மாப்ளே? அந்தக் கொடி மட்டும் விரிசலா இருந்துடக் கூடாதான்னு நான் வேண்டாத தெய்வமில்ல, உங்க ஆசையைக் கெடுக்கக் கூடாதேன்னுதானே வாயை மூடிக்கிட்டு இந்தக் கேமராவை வாங்கினேன்!"