பஸ் ரூட் ஆரூடம்

கல்லூரிக் கால்பந்து மண்டலங்களை மாற்றப்போகிறார்கள் என்றதும், மைதானத்தில் கோடு போடும் அப்பாவு ஆரூடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பஸ் ரூட்தான் அவருக்குப் பஞ்சாங்கம்.

"பூந்தமல்லி பஸ்ல வர்றவன்லாம் ஒரு மண்டலம், பாடி பஸ்ல வர்றவன்லாம் ஒரு மண்டலம். நாம பாடி. எழுதி வச்சுக்கோ நைனா."

கோல்கீப்பரான எனக்கு எரிச்சலாக வந்தது. பெரிய கமிட்டி மெம்பர் இவர்!

பட்டியல் வந்தது. மற்ற பதினொரு கல்லூரிகளும் அவர் சொன்ன இடத்திலேயே இருந்தன. எங்கள் கல்லூரி மட்டும் எதிலும் இல்லை. முதல்வர் எங்கள் அணியையே கலைத்துவிட்டிருந்தார்.

சுண்ணாம்பு வாளியோடு அப்பாவு வந்தார்.

"நம்ம காலேஜி எதுல கீது?"

"பாடிதான் அண்ணாத்தே."

"நான்தான் சொன்னேனே!" என்று கோடு போடக் குனிந்தார்.