நூலளவு இடைவெளி

பல் டாக்டருக்கு ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டாவது மாடியில் அவள் கிளினிக், தரைக்கு அடியில் நாற்பது நாற்காலி போட்ட இந்த இசைக்கூடம். பதினோரு வருஷமாக ஒரே கட்டடம், ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை. இன்றைக்கு வந்தது, மேடையில் ட்ரம்பெட்டோடு நிற்கிற மனிதரின் முன்பல்லுக்காக. படியில் விழுந்து உடைத்துக்கொண்டவருக்கு நேற்றுத்தான் தற்காலிகமாக ஒன்றைக் கட்டிக்கொடுத்தாள்.

"வந்து கேளுங்க டாக்டர். இன்னிக்கு எப்படி ஊதறேன்னு பாத்துட்டுத்தான் வெளியூர்க் கச்சேரிக்கெல்லாம் என்னைக் கூட்டிட்டுப் போறதா, வேற ஆளைப் பாக்கறதான்னு எங்க பியானோக்காரம்மா முடிவு பண்ணுவாங்க" என்று டிக்கெட்டை நீட்டியிருந்தார்.

விளக்கைத் தணித்தார்கள். ஆளுயரத் தந்தி வாத்தியமான பேஸ் முனகத் தொடங்கியதும் அது நாற்காலிக் கால் வழியாக உடம்புக்குள் ஏறிற்று. டிரம்ஸ்காரர் கம்பித் தூரிகையால் தோலைத் தடவினார். யாரோ தூக்கத்தில் புரண்டு படுக்கிற சத்தம். பியானோ எங்கேயோ தொடங்கி எங்கேயோ போயிற்று, எதற்கும் அவசரமில்லை. டாக்டருக்குக் கண் சொக்கியது. அன்றைக்குப் பார்த்த கடைவாய்ப் பற்களெல்லாம் ஒவ்வொன்றாக மனசிலிருந்து கழன்று போயின. அடேயப்பா, இதைக் காலடியில் வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் வீட்டுக்கு ஓடினோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பிறகு ட்ரம்பெட் நுழைந்தது. நுழைந்தது, அவ்வளவுதான். சுருதி சுத்தம், பிசிறில்லை, உயிரும் இல்லை. மேலே ஏற வேண்டிய இடத்தில் இரண்டு தடவை வழுக்கினார். மூன்றாம் தடவை ஏறாமலே திரும்பிவிட்டார். பியானோக்காரம்மா வாசித்தபடியே அவரை ஒரு பார்வை பார்த்தார். டாக்டர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

இடைவேளை இருபது நிமிஷம். டாக்டர் எழுந்து பின்னறைக்குப் போனாள். ட்ரம்பெட்காரர் ஒரு பெட்டிமேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வலிக்குதா?" என்றாள்.

"வலியெல்லாம் இல்லீங்க. காத்து போக மாட்டேங்குது. முன்னாடி ரெண்டு பல்லுக்கும் நடுவுல ஒரு சந்து இருந்துச்சில்ல? அது வழியா ஊதியே முப்பது வருஷம் பழகியிருக்கேன் போல. புதுப் பல்லு, போகப்போகச் சரியாயிடும்னு நெனச்சேன்."

"ஐயோ, நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கண்ணாடியைக் காட்டி, 'இப்ப பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு'ன்னீங்க. எனக்கும் அழகாத்தாங்க தெரிஞ்சுச்சு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சந்தை அடைத்தது இவள்தான், அதுவும் ஒரு வார்த்தை கேட்காமல். பல்லில் இடைவெளியைக் கண்டுவிட்டால் கை சும்மா இருந்தால்தானே!

"எழுந்திரிங்க. மேல வாங்க, இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு."

அத்தனை படியையும் மூச்சிரைக்க ஏறினார்கள். கிளினிக் விளக்கைப் போட்டு, தாள் மாதிரி மெல்லிய அரத்தை இரண்டு பல்லுக்கும் நடுவே விட்டு இழுத்தாள். தற்காலிகப் பல்தானே, மறுபேச்சில்லாமல் தேய்ந்தது. அவர் ஊதிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்றார். மறுபடி தேய்த்தாள். பார்த்துப் பார்த்துச் செய்த வேலையைத் தன் கையாலேயே கெடுக்கிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. இதற்குமேல் போனால் பல்லே பெயர்ந்துவிடுமோ என்ற பயம் வேறு. நாலாவது தடவை அவர், "போதும்" என்றார்.

திரும்ப விளக்குத் தணிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் வெறும் மூச்சு வந்தது, பிறகு அதற்குள்ளிருந்து மெதுவாக நாதம் எழுந்தது. மேலே ஏறிற்று. வழுக்கின இடத்தில் போய் நின்றே விட்டது. சுத்தம் என்று சொல்ல முடியாது, காற்று கசிந்தது. ஆனால் அந்தக் கசிவில்தான் ஆள் இருந்தார். பியானோக்காரம்மா சிரித்தபடி தலையை ஆட்டி, இன்னொரு சுற்றையும் அவருக்கே விட்டுக்கொடுத்தார். டாக்டருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிற்று. சந்தோஷம்தான், வேறென்ன?

பக்கத்து நாற்காலிக்காரர் குனிந்து, "என்னம்மா, உங்க சொந்தக்காரரா?" என்றார்.

பார்க்கிறவர்களையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லியே இருபது வருஷம் பிழைத்த டாக்டர், "கொஞ்சம் வாயை மூடுங்க சார், அவர் மூச்சு விடறது கேக்கணும்" என்றாள்.