பதினாலு பை ஏ

ரம்யா காலி பிளாஸ்க்கோடு திரும்பி வந்தாள். தெருமுனை டீக்கடை சாத்தியிருந்தது. அய்யனார் அண்ணன் மறைவுக்காக இன்று கடை விடுமுறை என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார் கடைக்காரர்.

"நல்லா மரியாத பண்ணான் போ," என்றாள் பூமாலை அத்தை. "தம்பி, நீயே போய் ரெண்டு டீ வாங்கியாடா."

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தம்பி அய்யனாரைப் பார்த்துத்தான் சொன்னாள். அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். மூன்று மணிக்குத்தான் எடுப்பார்கள். தியாகதுருகத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த அத்தைக்கு டீ இல்லாமல் அழுகைகூட சரியாக வராது. சாவு வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவும் கூடாது.

ரம்யா ஜன்னல் வழியே பார்த்தாள். தோட்டத்து மூலையில் அப்பாவின் கார் ஷெட். ஓட்டிக்கொண்டிருந்த டாக்சியை விற்றதும் ஷெட்டை வாடகை வீடாக்கக் கிளம்பினார். முறைப்படி அனுமதி வாங்கித்தான் செய்வேன் என்று பிடிவாதம். முதல் வரைபடத்தில் ஜன்னலை மறந்தார். இரண்டாவதில் கக்கூஸை. ஷட்டரைக் கழற்றிச் சுவர் எழுப்பி, தனி மீட்டர் வாங்கி, போன வாரம்தான் தனிக் கதவு எண் வந்தது. 14/ஏ. அவரே பெயின்ட்டில் எழுதினார். ஏ மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

"இன்னாடா, ஷெட்டுக்கு ஆள் கெடைச்சாங்களா?" என்று போனில் கேட்பாள் அத்தை.

"ஷெட் இல்லக்கா, வூடு."

ஒவ்வொரு முறையும் திருத்துவார். அக்கா ஒருநாளாவது அதை வீடு என்று சொல்ல வேண்டும். அது மட்டும் நடக்கவே இல்லை.

"அத்த, அங்க ஷெட்ல ஸ்டவ் இருக்குது. பால் பாக்கெட்டும் வந்திருக்கு. டீ போடட்டுமா?"



"இழவு வூட்ல அடுப்பு எரிக்கலாமாடி?" என்றாள் பக்கத்து வீட்டு ஆயம்மாள்.

"அது தனி வூடுங்க. நம்பர் வேற, மீட்டர் வேற, வரி வேற. ஃபைலை எடுத்தாரட்டுமா?"

காலையிலிருந்து வாய் திறக்காத அம்மா மெல்லச் சொன்னாள். "குடி வர்றவங்கதான் மொதல்ல பால் காய்ச்சணும்னு, என்னை அந்த ஸ்டவ்வத் தொடக்கூட வுடல."

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அவள்தான் மூத்தவள். அவள் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்து, உள்ளே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய்ப் போடுடி. சக்கர ஜாஸ்தியா."

"ஷெட்லதான அத்த?"

"ஷெட் இன்னாடி ஷெட்டு. வூடுன்னு சொல்லு."

உள்ளே பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. ரம்யா ஸ்டவ்வைப் பற்ற வைத்துப் பாலை ஏற்றினாள். தெருவில் மேளக்காரர்கள் வந்து இறங்கும் சத்தம் கேட்டது. பால் விளிம்புவரை எழும்பியது. திருகில் கை இருந்தும் அவள் குறைக்கவில்லை. பொங்கிய பால் புதுக் கடப்பா கல்லில் வழிந்து, கிழக்குப் பக்கமாக ஓடியது.