நீதிபதியின் நாக்கு

காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் நாக்கு செத்துப்போச்சு என்று சொல்வது வழக்கம்தான். இரண்டு நாள் போனால் நாக்குக்கு உயிர் வந்துவிடும். நீதிபதியின் நாக்குக்கு ஐந்து வாரமாகியும் வரவில்லை. உப்பைத் தொட்டு வைத்தாலும் சர்க்கரையைத் தொட்டு வைத்தாலும் மணலைத் தொட்டு வைத்ததுபோலவே இருந்தது. இதை அவள் டாக்டரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். வரும் என்றார் அவர். கதவுவரை போனவளைக் கூப்பிட்டு, வரலாம் என்று திருத்திக்கொண்டார்.

நீதிபதி என்பது வீட்டில் வைத்த பெயர். தொழிலில் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். சாப்பாட்டு விஷயத்தில் அவள் சொல்லுக்கு மேல் அப்பீல் கிடையாது என்பதால் கணவர்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். பால் திரியப்போவதை அது திரிவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். சூப்பில் விழுந்த மிளகு நேற்று பொடித்ததா, போன மாதம் பொடித்ததா என்பதையும் சொல்வாள். அப்படிப்பட்டவள் தனக்கு ருசி தெரியவில்லை என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அடுப்படி கணவர் கைக்குப் போகும். அவர் லிஃப்ட் மெக்கானிக், தங்கமான மனுஷன். ஆனால் கல்யாணமான புதிதில் அவர் வைத்த ஒரு சூப்பை நினைத்தால், அப்போது பிறக்கவே பிறக்காத மூத்த மகளுக்குக்கூட வயிற்றைக் கலக்கும். அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. இந்த ஒன்றை எடுத்துவிட்டால் வீட்டில் தன் பேச்சு வேறு எதில் எடுபடும் என்று ஒருநாள் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள். யோசனையில் இறங்கும் இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டாள்.

போதாத காலம், அந்த நேரம் பார்த்துக் கணவருக்குப் புது உற்சாகம் பிறந்தது. இனி ஞாயிறுதோறும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இதுவரை பார்க்காத ஓர் இடம், இதுவரை சாப்பிடாத ஒரு பண்டம் என்று அறிவித்தார். கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் மூத்தவள் உடனே ஒரு நோட்டை எடுத்துக் கட்டம் போட்டாள். பத்துக்கு மார்க், மூன்று வாய் சாப்பிடாமல் கருத்து சொல்லக்கூடாது. ஒன்பது வயது வாண்டுக்கு இடம் எதுவானாலும் பரவாயில்லை, ஜன்னல் சீட்டு கிடைத்தால் போதும்.

முதல் வாரம் செடிகள் வளர்க்கும் கண்ணாடிக் கூடமும் உப்புத் தண்ணீரில் ஊறிய ஆலிவ் காயும். அடுத்தது தண்ணீர்த் தொட்டிக் கோபுரமும், ஈரக் காலுறை நாற்றம் அடிப்பதாகச் சொல்லப்பட்ட சீஸும். சொல்லப்பட்ட என்பதுதான் நீதிபதியின் நிலைமை. அவளுக்கு அது மெழுகு.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். நடுவர் கடைசியில்தான் பேச வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்தாள். சேர்த்துவிட்டு மற்றவர்கள் முகத்தைப் படித்தாள். காரமென்றால் கணவருக்குக் காது சிவக்கும். பிடிக்காவிட்டால் மூத்தவள் கண்ணாடியை மேலே தள்ளிக்கொள்வாள். இனிப்பென்றால் வாண்டு மெல்லாமலே விழுங்கும். மூன்றையும் கூட்டிக் கழித்து ஒரு மார்க் சொல்லுவாள். சரியாகவே இருந்தது. ஆனாலும் மனசு உறுத்தியது. கடைக்கு வருகிற சிலர் பார்வை மங்கியதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, முன்னால் போனவர் படிப்பதைக் கேட்டே எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். அவர்களை அவள் ஒரு நொடியில் பிடித்துவிடுவாள். பலகையைத் திருப்பி மாட்டினால் போதும்.

ஐந்தாவது ஞாயிறு அவளுடைய பலகையை வாண்டு திருப்பி மாட்டியது.

அன்று ஏரி. கால்மிதிப் படகுத்துறைக்குப் போகும் வழியில் உலர்ந்த பழங்கள் விற்கும் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். வாண்டு அவளிடம் ஏதோ குசுகுசுத்தது. அப்பாவிடமும் அக்காவிடமும் குசுகுசுத்தது. பிறகு ஆளுக்கொரு கறுப்புக் காய் வந்தது, சுண்டைக்காய் அளவு. மூன்று பேரும் கையை வாய்க்குக் கொண்டுபோனார்கள். கணவரின் காது சிவக்கவில்லை. மூத்தவளின் கண்ணாடி நகரவில்லை. வாண்டு புத்தர் மாதிரி நின்றது.

நீதிபதி நிதானமாக மென்றாள். இன்னொன்று எடுத்து மென்றாள்.

"மெல்லிசான இனிப்பு. கடைசில லேசா தேன் வாசனை. ஒம்போது போடு," என்றாள். மூன்றாவதற்குக் கை நீட்டினாள்.

கடைக்கார அம்மாள் தராசைக் கீழே வைத்தாள். "இது வயித்துப் பூச்சிக்கு மருந்தும்மா. வேப்பங்காயெல்லாம் இதுகிட்ட பிச்சை வாங்கணும். முப்பது வருஷமா விக்கிறேன், ரெண்டாவது கேட்ட ஆள இன்னைக்குத்தான் பாக்கறேன்."

மூன்று பேரும் உள்ளங்கையை விரித்தார்கள். மூன்று காயும் அப்படியே இருந்தன. சிரிக்கத் தயாராக வந்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. படகில் ஏறி நடு ஏரிக்கு வந்தார்கள். அங்கிருந்து இறங்கிப் போக வழியில்லை.

"எனக்கு ருசி தெரியல," என்றாள் நீதிபதி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "காய்ச்சல் வந்ததுலேர்ந்து."

கணவர் மிதிப்பதை நிறுத்தினார். "அப்ப எம்மேல கோவம் இல்லையா?"

"எதுக்குக் கோவம்?"

அதுதான் தனக்கும் தெரியவில்லை என்றார் அவர். ஒருநாள் சூப்பில் கடலே இருந்தது, மறுநாள் உப்பு என்ற பேச்சே இல்லை. கேட்டால் இன்னும் கோபம் வருமோ என்று மூன்று பேரும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டிருக்கிறார்கள். அவர் தன் குற்றங்களை ராத்திரி பகலாக யோசித்து ஒரு பட்டியலே வைத்திருந்தார். ஈரத் துண்டை நாற்காலியில் போட்டது, அவள் குடையைத் தன்னோடு வேலை செய்பவனுக்குக் கொடுத்தது, அவள் குறட்டை விடுவதாக மச்சானிடம் சொன்னது.

"எதுக்குன்னு தெரியல. அதான் எல்லாத்துக்கும் சேத்து வாராவாரம் வெளிய கூட்டிட்டு வந்தேன்."

"குறட்டை விஷயம் எனக்கு இப்பத்தான் தெரியும்," என்றாள் நீதிபதி.

படகு தானாகப் போய்க் கோரைப் புல்லில் செருகிக்கொண்டது. கரையிலிருந்து படகுக்காரர் விசில் ஊதினார். கணவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, கவலைப்படாதே, இனி சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பின் சீட்டிலிருந்து இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றதில் படகு ஆடியது.

அன்று மாலை அடுப்பைச் சுற்றி மூன்று பேர் கரண்டியோடு நின்றார்கள். உப்பு கம்மி என்றார் கணவர். சரியாக இருக்கிறது என்றாள் மூத்தவள். வாண்டு, அதிகம் என்றது. நீதிபதிக்குத் தலை சுற்றியது. இதற்குப் பேசாமல் அடுப்படியைக் கொடுத்துவிடலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, கடையில் ஆளாளுக்கு ஒன்று சொல்லும்போது என்ன செய்வாள் என்பது ஞாபகம் வந்தது. சூப்பைக் கிண்ணங்களில் பிரித்து ஒவ்வொன்றிலும் உப்பை மாற்றிப் போட்டாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு வாண்டை உட்கார வைத்து, பழக்கதோஷத்தில் அதன் ஒரு கண்ணையும் மூடினாள்.

"மொதல்ல இது. ரெண்டாவது இது. எது தெளிவு?"

"ரெண்டாவது."

"இன்னும் ஒரு சிட்டிகை போட்டா?"

வாண்டு சப்புக்கொட்டி யோசித்தது. "இப்ப மங்கிப்போச்சு."

நீதிபதி இரண்டாவது கிண்ணத்தைத் தனியே எடுத்து வைத்தாள். மூத்தவள் நோட்டைத் திறந்து, அந்தக் கறுப்புக் காய்க்குப் போட்ட ஒன்பதை அடித்துவிடலாமா என்று கேட்டாள்.

"தீர்ப்பு தீர்ப்புதான்," என்றாள் அவள். "அடுத்தது யாரு? அப்பாவா? வாங்க, உக்காருங்க. தலைய ஆட்டக்கூடாது."